இறங்காமல் நிற்கும் லிஃப்ட்: மாஸி 1035 டிராக்டரின் ஹைட்ராலிக் வேலை, முதல் பாதி

ஒன்பது கொழு கல்டிவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி, பாதுகாப்புக்குக் கீழே கட்டை அடுக்கி, கொழு முனைக்கும் கட்டைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு என்ஜினை அணைத்தேன். மறுநாள் காலையிலும் அந்த நாலு விரல் அப்படியே இருந்தது. பழைய மாஸி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. போன சம்பாவில் இதே வண்டி, ஸ்டாப் கேபிளை இழுத்த கையோடு கலப்பையைத் தரையில் வைத்துவிடும்.

ஓட்டத்தில் இன்னும் மோசம். வரப்பு தாண்டும்போது தூக்கிய கலப்பை மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டே வரும். டிரைவர்கள் "லிஃப்ட் ஆடுது" என்று சொல்வது இதைத்தான். லிஃப்ட் என்றால் பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பு. எங்கோ எண்ணெய் கசிகிறது, அதனால் கலப்பையைத் தூக்கும் ஆர்ம் கொஞ்சம் இறங்குகிறது. இறங்கியதும் உள்ளே இருக்கும் லிங்கேஜ் (இணைப்புக் கம்பிகள்) கன்ட்ரோல் வால்வைத் திறந்துவிடுகிறது, பம்ப் மறுபடி தூக்குகிறது. தூக்கி முடித்ததும் திரும்பக் கசிவு. ஆட்டம் எவ்வளவு வேகமோ கசிவும் அவ்வளவு பெரிசு. என் வண்டியில் இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் மூச்சு விடக்கூட நேரம் இல்லை.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பம்ப் போச்சுண்ணே, மாத்திருங்க." எனக்குக் கோபம் வருவதே இந்த இடத்தில். லிஃப்ட் ஆடுகிறது என்றால் பம்ப் தூக்குகிறது என்றுதானே அர்த்தம்? தூக்கவே மாட்டேன் என்கிற வண்டியில் பம்பைச் சந்தேகப்படுங்கள், நியாயம். தூக்கிவிட்டுத் தாங்க முடியாத வண்டியில் முதலில் தேட வேண்டியது கசிவை. பிஸ்டன் சீல், சிலிண்டர் கவரோடு சேரும் ஜாயின்ட், பம்பிலிருந்து சிலிண்டருக்கு எண்ணெய் ஏற்றும் ஸ்டேண்ட் பைப்பின் மேல் கீழ் ஓ-ரிங்குகள், சேஃப்டி வால்வு, அதற்கப்புறம்தான் பம்பின் டெலிவரி வால்வும் கன்ட்ரோல் வால்வும். இதில் முதல் மூன்றும் ரப்பர் சாமான்கள், நூறு இருநூறில் முடியும். அதைப் பார்க்காமலேயே முழு பம்புக்குக் காசைக் கொட்டியவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். புது பம்ப் போட்ட பிறகும் லிஃப்ட் ஆடும்.

இந்த ஹைட்ராலிக் அமைப்பின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஹாரி ஃபெர்குசன் 1946-இல் கோவென்ட்ரியில் இருந்து கொண்டுவந்த டிஇ-20 டிராக்டரிலும் இதே அடிப்படைதான். பிறகு வந்த மாஸி 35-இல் அதைச் செம்மைப்படுத்தினார்கள். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி வழியாக அந்த 35-இன் வம்சம் நம் ஊருக்கு வந்தது, 1035 அதன் வாரிசு. நாலு பிஸ்டன் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளுக்குச் சக்தி கொடுக்கும் பிடிஓ ஷாஃப்டே அதைச் சுற்றுகிறது, பம்ப் முழுவதும் நடு ஹவுசிங் எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கிறது. முக்கியமான விஷயம், பம்ப் எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில்தான் கன்ட்ரோல் இருக்கிறது. தூக்க வேலை இல்லாதபோது பம்புக்கு எண்ணெயே போகாது, சும்மா சுற்றும். கியர் பம்ப் வைத்த வண்டிகள் மாதிரி எந்நேரமும் எண்ணெயைச் சுற்றிவிட்டுச் சூடேற்றுவதில்லை. எழுபது எண்பது வருஷம் கழித்தும் இந்த யோசனையைப் பார்த்து நான் அசந்துபோகிறேன்.

அதற்கு ஒரே எதிரி சேறு. டெல்டாவில் கேஜ் வீல் எனும் இரும்புச் சக்கரம் மாட்டி அச்சு முங்கத் தொழியில் இறங்கினால், பிடிஓ ஆயில் சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், தண்ணீர் உள்ளே வரும். கியர், டிஃபரென்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். டிரெய்ன் பிளக்கைத் திறந்ததும் முதலில் வந்தது கலங்கல் தண்ணீர், அப்புறம் பால் கலந்த டீ நிறத்தில் எண்ணெய், கடைசியில் அடியில் படிந்த வண்டல். இந்தக் குழம்பைத்தான் பம்ப் இவ்வளவு நாளும் உறிஞ்சித் தள்ளியிருக்கிறது.

லிஃப்டின் மேல் கவரைக் கழற்றும் முன் எல்லோரும் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நல்ல எண்ணெய் கொஞ்சம் ஊற்றி, கலப்பையைத் தூக்கி முட்டுக் கொடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு, பக்கவாட்டு இன்ஸ்பெக்‌ஷன் கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் மட்டம் அந்த ஜன்னலுக்குக் கீழே இருக்க வேண்டும். பம்பையும் பைப்பையும் துணியால் துடைத்துவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எங்கிருந்து புது எண்ணெய் வருகிறது என்று வண்டியே காட்டிக்கொடுக்கும். என் வண்டியில் ஸ்டேண்ட் பைப் பம்புக்குள் இறங்கும் இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒழுகியது. மேலே சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இன்னொன்று. பம்பின் உடம்பில் வேறு எங்கும் ஈரமே இல்லை. பம்பைக் கழற்றுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கவர் கழற்றும் வேலையை விவரிக்கப் போவதில்லை. சீட், லிங்க், டிரான்ஸ்ஃபர் கேப் (ஸ்டேண்ட் பைப்பின் மேல் மூடி), ஸ்டேண்ட் பைப், போல்ட், முக்காலி, செயின் பிளாக். ஸ்டேண்ட் பைப்பை மேலே உருவிய பிறகுதான் கவரைத் தூக்க வேண்டும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

பிஸ்டன் பக்கம் எதிர்பார்த்ததுதான். சீல் கல்லாகியிருந்தது. சிலிண்டர் சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இல்லாததால் லேத் பட்டறையில் லேசாக ஹோன் (உட்சுவரை மெருகேற்றுவது) மட்டும் செய்து வாங்கினேன்.

ஸ்டேண்ட் பைப்தான் என் நேரத்தையெல்லாம் தின்றது. பார்த்தால் சாதாரணக் குழாய், இரண்டு முனையிலும் ஓ-ரிங். பம்ப் தள்ளும் எண்ணெய் முழுக்க இந்த ஒரு குழாய் வழியாகத்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கு மேல் போகும் அழுத்தத்தை அந்த இரண்டு ரப்பர் வளையங்களும் தாங்க வேண்டும். கீழே இருந்த ரிங்கை எடுத்தால் ஒரு பக்கம் சீவியிருந்தது, மீதி தட்டையாக நசுங்கியிருந்தது.

இதில் அளவுதான் பெரிய பொறி. இந்த வண்டியின் பிறப்பு அங்குல அளவில். அங்குல வரிசை ஓ-ரிங்கின் தடிமன் 1.78, 2.62, 3.53 மில்லிமீட்டர் என்று போகும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மெட்ரிக் ரிங் 2, 2.5, 3, 3.5 என்று வரும். 2.62-க்குப் பதில் 2.5 போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கையிலும் தெரியாது. பள்ளத்தில் அழகாக உட்காரும். வெறும் ஆர்ம் நன்றாக ஏறும். ஒன்பது கொழு மாட்டினால்தான் கசியும். இன்னொன்று, பழைய ரிங்கை அளந்து புது ரிங் வாங்காதீர்கள். நசுங்கிய ரிங் பொய் சொல்லும். பைப்பின் பள்ளத்தையும் பம்ப் துளையின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து, அதற்கு ஏற்ற ரிங்கைக் கேளுங்கள்.

டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைத்த கிட் எனக்குத் திருப்தி தரவில்லை. பாக்கெட்டில் எல்லா ரிங்கும் இருக்கும், ஆனால் கையில் அழுத்தினால் பஞ்சு மாதிரி இருக்கும். ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து தரும் கடைக்குப் போய், நைட்ரைல், 90 ஷோர் கடினம், அங்குல வரிசை என்று கேட்டேன். சில்லறையாகவே எடுத்துக் கொடுத்தார்கள், கூட, ரப்பர் ரிங் பிதுங்காமல் தாங்கும் டெஃப்லான் பேக்-அப் ரிங்கும் கிடைத்தது. விலையும் கிட்டைவிடக் குறைவு. பேரிங், ஷாஃப்ட், கியர் மாதிரி சாமான்களுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை ஆள் அனுப்பலாம். சீல் சம்பந்தப்பட்டதற்கு உங்கள் ஊரில் ஜேசிபி நிற்கும் இடத்தைத் தேடிப் போங்கள்.

சரி, ரிங் கிடைத்துவிட்டது, இனி மாட்டும் வேலை. பம்ப் ஹவுசிங்கில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டதல்ல. பக்கவாட்டில் இருந்து வரும் டவல் பின்கள் எனும் உருளை முளைகள் அதைப் பிடித்திருக்கும், கொஞ்சம் அசையும். ஆகவே கவரை உட்காரவைத்து மேலே இருந்து பைப்பை இறக்கும்போது பம்பின் துளை நேராக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் துளையின் விளிம்பு ஓ-ரிங்கைச் சீவிவிடும். பழைய ரிங் சீவியிருந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

முதலில் துளையின் வாயைக் கவனித்தேன். வண்டலும் பழைய வேலைகளும் சேர்ந்து அங்கே சின்னப் பிசிறு இருந்தது. துளைக்குள் துணி அடைத்துவிட்டு, 600 நம்பர் எமரி பேப்பரை விரலில் சுற்றி, எண்ணெய் தொட்டு, வாய்ச்சரிவை மட்டும் வழவழப்பாக்கினேன். நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. அப்புறம் பைப்பை ரிங் இல்லாமல் இறக்கிப் பார்த்தேன். தன் எடையிலேயே இறங்கி உட்கார வேண்டும். உட்காரவில்லை, ஒரு பக்கம் முட்டியது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு பம்புக்கு அடியில் மெல்லிய மர ஆப்பு ஒன்றைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியதும் பைப் தானாக இறங்கியது. ஆப்பை அப்படியே விட்டுவிட்டு, பைப்பை எடுத்து ரிங் மாட்டி, வாசலின் தடவி, லேசாகத் திருகிக்கொண்டே அழுத்தினேன்.

கை உணர்வுதான் இங்கே கேஜ். ரிங் ஒழுங்காக உள்ளே போனால் ஒரே சீரான இறுக்கம் இருக்கும். இறுகி, திடீரென்று இலகுவானால் ரிங் அறுந்துவிட்டது என்று அர்த்தம், யோசிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். பைப் உட்கார்ந்த பிறகு சின்னக் கண்ணாடி ஒன்றை ஜன்னலுக்குள் நீட்டி, ரப்பர்ச் சீவல் ஏதாவது பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஆப்பை உருவினேன். சுத்தியல் வைத்துத் தட்டி இறக்குகிற மெக்கானிக்குகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இந்த ஒரு இடத்தில் பொறுமையாக இருந்தால் மற்ற எல்லாம் தானாக வரும்.

கவரை இறக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொரு இடம், கவரிலிருந்து தொங்கும் லிவர்களின் ரோலர். அவை பம்பின் கன்ட்ரோல் வால்வ் லிவரோடு சரியான பக்கத்தில் சேர வேண்டும். ஒரு ஆள் செயினை மெதுவாக இறக்க, இன்னொரு ஆள் ஜன்னலில் கையை வைத்து வழிகாட்ட வேண்டும். தவறான பக்கம் போய்விட்டால் லிஃப்ட் எழும்பவே எழும்பாது, அல்லது ஏறி அப்படியே நின்றுவிடும். அப்போதும் ஊரில் "பம்ப் போச்சு" என்றுதான் சொல்வார்கள்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் பக்கத்தில் கெட்டியான 90 கியர் ஆயிலை ஊற்றும் பழக்கம் உண்டு. நான் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவான டிராக்டர் எண்ணெயை, யூடிடிஓ என்று டப்பாவில் போட்டிருப்பதை, ஊற்றியிருக்கிறேன். முதலில் கொஞ்சம் ஊற்றி ஓட்டி, வடித்து, மறுபடி புதுசு. செலவுதான், ஆனால் வண்டல் தின்ற பம்புக்கு அந்த ஒரு கழுவலாவது கொடுக்க வேண்டும். பிடிஓ சீலையும் மாற்றியாயிற்று.

இனி மிச்சம் இருப்பது டிராஃப்ட் கன்ட்ரோல், கலப்பையின் இழுவைப் பாரத்துக்கு ஏற்ப ஆழத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு. கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் வந்து சேரும் பெரிய ஸ்பிரிங்கில் ஆட்டம் இருக்கிறது. டாப் லிங்கைக் கழற்றிவிட்டு அது மாட்டும் கவையான யோக்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் அசைவே இருக்கக்கூடாது. ஆனால் கையால் திருப்பினால் திரும்ப வேண்டும். என்னுடையதில் நன்றாகவே லொடக் லொடக் என்கிறது. அந்த அசைவு முடியும் வரை கலப்பையின் பாரம் வால்வுக்குத் தெரியாது. கோடை உழவில் காய்ந்து இறுகிய களிமண்ணில் கொழு திடீரென்று ஆழம் போனால் லிஃப்ட் தாமதமாகத்தான் உணரும், அதற்குள் என்ஜின் திணறும். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பிரிங் உட்காரும் சீட் தேய்ந்திருக்கிறது. புது சீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், வரவில்லை.

அது வருவதற்குள் லேத்தில் ஒரு அடாப்டர் கடையப் போகிறேன். டிரான்ஸ்ஃபர் கேப்பில் இருக்கும் பிளக்கின் இடத்தில் அதை மாட்டி, 5,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை காட்டும் கேஜ் ஒன்றை வைத்தால் பம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது, சேஃப்டி வால்வ் எங்கே திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதே இடத்திலிருந்து டிப்பர் டிரெய்லருக்கும் பைப் எடுக்கலாம். பக்கத்து ஊர் அண்ணன் ஒருவருடைய 1035-உம் ஆடுகிறது, கேஜ் தயாரானதும் அதையும் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், பம்ப் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் வண்டியை நிறுத்த முடியாது. அதற்குள் ஸ்பிரிங் சீட் வந்து, லிஃப்ட் லிவர் நகரும் குவாட்ரன்ட்டின் செட்டிங்கையும் முடித்தால் அளவுகளோடு எழுதுகிறேன்.