செவுளில் ஒட்டியவள்

மீன் வாங்கப் போகிற எல்லாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் சரி, எடை போடச் சொல்வார்கள். உயிரோடு இருக்கிற மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது என் பிழைப்பு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் கூப்பிட்டால் லென்ஸும் கத்தரியுமாகக் கிளம்பிவிடுவேன்.

போன் பெரும்பாலும் விடியற்காலைதான் வரும். "தம்பி, மீன் பூரா மேல வந்து வாயைப் பொளக்குது." காற்றுக் குறைவு என்று மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். தப்பில்லை. ஆனால் வெறும் ஆக்சிஜன் குறைவு என்றால், வெயில் ஏறிப் பாசி ஆக்சிஜன் விடத் தொடங்கியதும் மீன் கீழே போய்விடும். பத்து மணிக்கும் மேலேயே திணறினால் எனக்குச் செவுள் மேல்தான் சந்தேகம்.

கட்லா ஒன்றைப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கினால், இழைகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். எர்கசிலஸ். 1 மில்லிமீட்டர் சொச்சம்தான். லென்ஸில் ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு முட்டைப் பைகள் தெரியும். இறால், நண்டு வகையறாவில் கோபிபோடு என்கிற பொடிப் பூச்சிக் கூட்டத்தைச் சேர்ந்தது. உணர்கொம்பில் ஒரு ஜோடி கொக்கியாகி இழையைக் கட்டிப் பிடித்திருக்கும். ஒட்டியிருப்பது எல்லாமே பெண். ஆண் தண்ணீரில் நீந்தியே காலத்தை ஓட்டிவிடுகிறது. இழையின் மேல்தோலைப் பெண் தின்னத் தின்ன, இழை தடித்துச் சளி கட்டி வெளுத்துப்போகும். அப்புறம் தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்து என்ன?

உடனே மருந்து கேட்பார்கள். இந்தக் கோபிபோடு கூட்டத்தில் எல்லாமே கெட்டதில்லை. தண்ணீரில் துள்ளித் திரியும் இதன் உறவுக்காரப் பூச்சிகளைத் தின்றுதான் கட்லாவே வளர்கிறது. மருந்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பைக்குள் இருக்கிற முட்டையையும் அது தொடாது. பொரிந்து வருவதைப் பிடிக்க, கொஞ்ச நாள் விட்டு மறுபடி போட வேண்டும். மறுபடி போடுகிறவர் அபூர்வம். மீன் ஒரு தடவை கீழே போய்விட்டால் மனசு ஆறிவிடுகிறது.

சொந்தப் பண்ணைக்குட்டை என்றால் இவ்வளவும் பேசலாம். ஏலத்தில் எடுத்த குளத்தில் பேச்சே வேறு. அந்தத் தண்ணீர்தான் மடை வழியாக நெல்லுக்குப் போகிறது, எருமை குடிக்கிறது, ஊர் குளிக்கிறது. "குத்தகைப் பணம் கட்டியிருக்கேன் தம்பி" என்று ஒரு அண்ணாச்சி மல்லுக்கே நின்றார். அவர் கஷ்டம் புரிந்தது. ஆனாலும் பூச்சிமருந்து ஊற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விற்கிற அளவுக்கு வந்ததை வலை போட்டு எடுத்து நெருக்கத்தைக் குறையுங்கள் என்றேன். தின்கிறவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. எப்படியும் செவுளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தானே குழம்பு வைக்கிறோம்.

பூச்சி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற மீனோடுதான் வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகியதும் பையில் குஞ்சு கொண்டுவந்து இறக்குகிறார்களே, அப்போதே நாலைந்து குஞ்சின் செவுளைப் பார்த்துவிடலாம். கேட்டால், "பையைத் திறக்காதீங்க தம்பி, குஞ்சு செத்துரும்" என்று தடுக்கிறவர்கள்தான் அதிகம்.