டபேதார் (ஓய்வு)

மே 1

ஊருக்கெல்லாம் இன்று மே தினம், அப்பாவுக்குக் கவசப்படை நாள், அதாவது அவர் வேலை பார்த்த ராணுவ டேங்க் படையின் நாள். 1938-இல் சிந்த் ஹார்ஸ் ரெஜிமெண்ட் குதிரைகளை விட்டுவிட்டு இயந்திர வண்டிக்கு மாறிய நாள் இது. இந்தியக் குதிரைப்படையில் முதலில் மாறியவர்கள் அவர்கள்தான். காலையிலேயே பழைய சகாக்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம் இந்தி, கொஞ்சம் தமிழ், நடுநடுவே சத்தமான சிரிப்பு. டேங்க் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவருக்கு அது எப்போதும் ‘வண்டி’தான்.

மே 3

தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையால் வீட்டில் சின்ன உரசல். தன் பெயருக்குப் பின்னால் ‘டபேதார் (ஓய்வு)’ என்று போடச் சொல்கிறார் அப்பா. தங்கை கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மாமா, டபேதார்னு போட்டா கலெக்டர் ஆபீஸ்ல தலைப்பாகையும் சிவப்புப் பட்டையுமா நிப்பாரே, அவர்னு நினைச்சுக்குவாங்க. ஹவில்தார்னு போட்டுடலாமே?”

அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இரவு சாப்பிடும்போது மட்டும், “ஹவில்தார் காலாட்படைக்காரன்” என்றார்.

மே 6

எனக்கும் இது இப்போதுதான் சரியாகப் புரிகிறது. காலாட்படையில் சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்று போகும் வரிசை, டேங்க் ரெஜிமெண்டில் சவார், லான்ஸ் டபேதார், டபேதார், ரிசல்தார் என்று போகிறது. சவார் என்றால் குதிரை ஏறுபவன். நாம் சொல்கிற ‘சவாரி’யும் அதே பாரசீக வேர்தான். குதிரை போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாற்பது டன் இரும்புக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவன் பெயர் மட்டும் இன்னும் குதிரைக்காரன். அணிக்குப் பெயர்கூட ஸ்குவாட்ரன்தான். பதினாலு வண்டி ஒரு ஸ்குவாட்ரன், ரெஜிமெண்டுக்கு மூன்று ஸ்குவாட்ரன், தலைமையிடத்துக்கு மூன்று வண்டி, ஆக மொத்தம் 45. அப்பா விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

மே 11

அப்பா இருந்தது 16-ஆவது லைட் கேவல்ரி. ‘நம்ம பதினாறு’ என்பார். கவசப்படையிலேயே பழையது. 1776-க்கும் முன்னால், ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையாக இருந்து கம்பெனிக் கைக்குப் போனது. சண்டை போட்ட ஊரின் பெயரால் ரெஜிமெண்டுக்குத் தருவது போர் விருது. அதன் போர் விருதுகளில் ஒன்று சோளிங்கர்! நரசிம்மர் மலைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஊர்ச் சாலையில் டீ குடித்திருக்கிறோம், 1781-இல் அங்கே ஹைதர் அலியோடு சண்டை நடந்ததென்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணமும் பட்டியலில் உண்டு.

“இங்கிலீஷ்காரனுக்காக நம்ம ஊர்லயே நம்ம ஆளோட சண்டை போட்டதுக்கா விருது?” என்று கேட்டேன்.

“அதைக் கொண்டாட மாட்டோம்டா” என்றார். அது உண்மைதான். அந்த மாதிரிப் பழைய விருதுகளைச் சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவம் விழாவாக எடுப்பதில்லை. ஆனால் வரலாற்றிலிருந்து அழிப்பதும் இல்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது.

பர்மாவைப் பற்றிக் கேட்டால் குரலே மாறுகிறது. 1945-இல் மெய்க்டிலாவில் கவசக் கார்களோடு போன ரெஜிமெண்டுக்கு அப்போது தலைமை ஜே.என்.சௌத்ரி. 1923-இல் இந்திய அதிகாரிகளுக்கென்று பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய எட்டுப் படைப்பிரிவுகளில் பதினாறும் ஒன்று. அதே சௌத்ரிதான் 1965 பாகிஸ்தான் போரின்போது ராணுவத் தளபதி. அந்தப் போரில் சியால்கோட் பக்கம் பில்லோராவில் பதினாறும் இருந்தது. அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். இருந்தாலும் ‘நாங்க’ என்றுதான் சொல்கிறார்.

மே 12

எழுத ஒன்றுமில்லை. மாப்பிள்ளை போன் செய்தார். பத்திரிகை விஷயத்தை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

மே 18

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். மேலேயே கறுப்பு டங்கரி, டேங்க்காரர்களின் வேலை உடுப்பு. முழங்கையும் முழங்காலும் நைந்து பளபளத்தன. மூக்கருகில் கொண்டுபோனேன், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் டீசலும் கிரீஸும் கலந்த வாசம் லேசாக இருந்தது. ஏன் கறுப்பு என்று கேட்டால், “எண்ணெய்க் கறை தெரியாதுல்ல” என்றார். தொப்பிக்கு விளிம்பு இல்லாததற்கும் காரணம் உண்டு. விளிம்பு இருந்தால் உள்ளிருந்தபடி வெளியே பார்க்கும் பெரிஸ்கோப்பில் கண் வைக்க முடியாது, காதில் ஹெட்செட் மாட்டவும் முடியாது.

பெட்டியின் அடியில் இடது உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு ஒன்று. வண்டிச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினின் பின் உடைந்தபோது எடுத்து வைத்ததாம். நடுப் பாலைவனத்தில் செயின் கழன்றால் நாலு பேரும் இறங்கிக் கம்பியும் சம்மட்டியுமாக மாட்ட வேண்டும், கமாண்டரும் விதிவிலக்கில்லை. “அந்த நேரம் ரேங்க் கிடையாது. வண்டிக்கு வெளிய வந்தா திரும்ப சார்” என்றார். பிறகு தானே சிரித்து, “அப்பவும் வெளியதானே இருக்கோம்” என்றார்.

அருண் கேதர்பால் பேச்சும் வந்தது. பூனா ஹார்ஸ் ரெஜிமெண்ட் அதிகாரி, 1971 டிசம்பர் 16, பாகிஸ்தானோடு நடந்த பசந்தர் சண்டையில் உயிரைவிட்டவர். 21 வயது. எரிகிற வண்டியை விட்டு வெளியே வரச் சொல்லியும் மறுத்தவர். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்றாராம். ஃபமகுஸ்தா என்று பெயரிட்ட அவருடைய வண்டியை அகமதுநகரில் பாதுகாக்கிறார்கள். (ஊருக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர்.) அங்கே பயிற்சியில் இருந்தவர் அப்பா. இதைச் சொல்லும்போது வேறு ரெஜிமெண்ட் என்ற போட்டி எதுவும் அவர் முகத்தில் இல்லை.

மே 24

பத்திரிகையின் புரூஃப் வந்தது. மாப்பிள்ளை கடைசியில் ‘டபேதார்’ என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். அச்சகத்துப் பையன் அது ஏதோ பிழை என்று நினைத்துத் தானாகவே திருத்திவிட்டான். மணமகளின் தாத்தா பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘தாசில்தார் (ஓய்வு)’.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார்.

“பரவால்ல, ப்ரமோஷன்” என்றார். அப்புறம் சிவப்புப் பேனா கேட்டார்.