ராட்51 இல்லாத கோழிச் செல்கள்

டி.என்.ஏ. பழுதுபார்ப்பைப் பற்றி வகுப்பில் பேசத் தொடங்கும்போதெல்லாம், கதிர்வீச்சு பட்டாலோ நச்சுப்பொருள் தீண்டினாலோதான் செல்லுக்கு அது தேவைப்படும் என்ற எண்ணத்தோடு மாணவர்கள் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை முற்றாக அகற்றியது, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுனிச்சி தகேடாவின் குழு கோழிச் செல்களில் செய்து 1998-இல் வெளியிட்ட ஒரு சோதனை.

டிடி40 எனப்படும் அச்செல்கள், வைரஸால் கோழியின் பர்சா என்னும் உறுப்பில் உண்டான புற்றிலிருந்து வந்த பி செல்கள், அதாவது கிருமிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் இரத்தச் செல்கள். முதுகெலும்பிகளின் செல்லுக்குள் வெளியிலிருந்து ஒரு டி.என்.ஏ. துண்டைச் செலுத்தினால், அது பெரும்பாலும் குரோமோசோமில் எங்கோ ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். தன் வரிசையை ஒத்த இடத்தைத் தேடிச் சேர்வது அரிது. ஈஸ்டில் எளிதாக நிகழும் அந்த ஒத்த மறுசேர்க்கை டிடி40-இலும் மிக அதிகமாக நிகழ்வதைப் பூர்ஸ்டெடேயும் தகேடாவும் 1991-இல் காட்டினார்கள். மரபணுக்களை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்னும் கருவி வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, முதுகெலும்பிச் செல்லில் விரும்பிய மரபணுவை நீக்கிப் பார்க்க இது வழி திறந்தது.

முறிந்த டி.என்.ஏ. முனையைச் சுற்றி இழையாகப் படர்ந்து, அதற்கு ஒத்த வரிசையைத் தேடிக் கண்டு இணைப்பது ராட்51 என்னும் புரதம். அது இல்லாத ஈஸ்ட் கதிர்வீச்சைத் தாங்காதே தவிர, உயிர் வாழும். எலியிலோ, அது இல்லாத கரு தொடக்க நிலையிலேயே இறந்துவிடுவதால், காரணத்தைக் கண்டறிவது கடினமாக இருந்தது. கியோட்டோ குழு டிடி40 செல்லின் சொந்த ராட்51 மரபணுவை நீக்கிவிட்டு, டெட்ராசைக்ளின் மருந்தைச் சேர்த்தால் செயல் நின்றுவிடும்படி அமைத்த வேறொரு பிரதியால் அதை வாழவைத்தது. பிறகு மருந்தைச் சேர்த்தார்கள். கதிர்வீச்சு இல்லை, நச்சும் இல்லை. இருந்தும் குரோமோசோம்களில் முறிவுகள் பெருகி, செல்கள் பிரிய இயலாமல் இறந்தன. டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் அன்றாட வேலையே முறிவுகளை உண்டாக்குகிறது என்பதும், அருகிலிருக்கும் சகோதரிக் குரோமாட்டிடை, அதாவது அப்போதுதான் பிரதியெடுக்கப்பட்ட இணைநகலைப் பார்த்து அவற்றைச் செப்பனிடாவிட்டால் செல் பிழைக்காது என்பதும் இதனால் தெளிவாயின. என்னைப் பொறுத்தவரை, பழுதுபார்ப்புப் பாடம் இந்தச் சோதனையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோழி இன்னொரு படி மேலே செல்கிறது: அது தன் டி.என்.ஏ.வுக்குத் தானே காயம் உண்டாக்குகிறது. எதிர்ப்பொருள் கனமான சங்கிலி, இலேசான சங்கிலி என இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. கோழியின் இலேசான சங்கிலியில் மாறுபடும் பகுதியைத் தரும் வி மரபணுக்களில் செயல்படுவது ஒன்றுதான். அதன் முன்னே, அதை ஒத்திருந்தும் தாமாகச் செயல்படாத 25 போலி மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஏஐடி என்னும் நொதி அந்த ஒரே மரபணுவைச் சிதைக்க, செல் போலி மரபணுக்களிலிருந்து துண்டுதுண்டாக வரிசைகளை நகலெடுத்து இட்டு நிரப்புகிறது. பலவகை எதிர்ப்பொருள்கள் இப்படித்தான் உருவாகின்றன. ராட்51-இன் உறவினர்களான எக்ஸ்ஆர்சிசி2, எக்ஸ்ஆர்சிசி3 ஆகியவற்றுள் ஒன்றை நீக்கினாலும், இந்த இட்டு நிரப்பல் குறைந்து, அதே இடத்தில் ஓரெழுத்துப் பிறழ்வுகள் பெருகுவதை 2001-இல் கண்டார்கள். மனிதரின் பி செல்கள் தம் எதிர்ப்பொருள்களைத் திருத்திக்கொள்வது அத்தகைய பிறழ்வுகளால்தான்.