சாதாளை ஒதுங்கும் கரை

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பெயர்ந்து வீசத் தொடங்கும் வைகாசி, ஆனி மாதங்களில் எமது யாழ்ப்பாணத் தீவகக் கரைகளில் சாதாளை என்னும் கடற்புல் முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடந்ததை எம் தலைமுறை மாணவர் எவரும் மறந்திருக்கமாட்டார். மேலே வெயிலில் காய்ந்து மொறுமொறுத்து, அடியில் அழுகிக் கறுத்து, காற்று திரும்பிய நாட்களில் வகுப்பறை வரைக்கும் அதன் நாற்றம் வரும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர்கள் முதல் வாரம் முழுவதும் கைக்குட்டையும் கையுமாகவே பாடம் நடத்துவார்கள். ஊர்த் தோட்டக்காரருக்கோ அது கடல் கொண்டுவந்து கொட்டிய பசளை. மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சென்று வேலியோரம் குவித்து, மாரி மழையில் உப்புக் கழுவுண்டபின் புகையிலைத் தறைக்கும் தென்னம்பிள்ளைகளின் அடிக்கும் தாழ்ப்பார்கள். பூவரசங்குழையும் பட்டி எருவும் போதாத எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில், வலையையே தொட்டறியாத கமக்காரக் குடும்பங்களும் இப்படிக் கடலை நம்பித்தான் பயிர் செய்தன.

எமது பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் பரிசளிப்பு விழாவைப் பற்றியும் எழுதப் பலர் இருப்பார்கள் என்று எண்ணி, நான் இந்தச் சாதாளையை எடுத்துக்கொண்டேன். 1970களின் பிற்பகுதியில் உயர்தர வகுப்பில் நான் கற்ற விலங்கியலின் பெரும்பகுதி அதற்குள்ளேதான் இருந்தது.

அன்றைய எமது ஆய்வுகூடத்தில் இருந்தவை போமலினில் வெளிறிப்போன சில மாதிரிகளும் ஒரு நுணுக்குக்காட்டியும் மட்டுமே. விலங்கியல் மாஸ்ரர் அவற்றை அதிகம் தொடுவதில்லை. கடல் வற்றும் வேளையைத் தெரிந்துகொண்டு, மாலை வகுப்பைக் கரைக்கு மாற்றிவிடுவார். அங்கே களங்கண்டி, அதாவது ஆழங்குறைந்த கடலில் தடி நட்டு மீனை மறிக்கும் வலைக்கூடு, போட்டிருந்த முதியவர் ஒருவரிடம், "அண்ணை, பிள்ளையளுக்கு ஒருக்கால் காட்டிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தாமும் ஒரு மாணவரைப்போல எங்களோடு நின்றுகொள்வார். அக்காலத்து ஊர் வழமையில், கடற்றொழிலாளி ஒருவரைப் படித்த மனிதர் ஒருவர் ஊரறிய "அண்ணை" என்று அழைத்து, எங்களையும் அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதச் செய்தது சிறிய காரியமன்று. பெற்றோர் சிலர் அதிபரிடம் முறையிட்டதும் உண்டு. மாஸ்ரர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அடுத்த வாரமும் அழைத்துச் சென்றார்.

தண்ணீரில் இறங்குமுன் முதியவர் கற்பித்த முதற்பாடம் நடை. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்க வேண்டும்; அப்போதுதான் மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப் போகும், மிதித்தால் வாலிலுள்ள முள்ளால் அடிக்கும். இரண்டாவது பாடம் ஒட்டி மீன். களங்கண்டியின் கூட்டுக்குள் அது கைக்கு எட்டும்படி நிற்கும். ஆனால் அதன் செட்டை முட்களில் நஞ்சு உண்டு, குத்தினால் இரவு முழுவதும் கடுக்கும். அந்த மீனின் வயிற்றைக் கீறிக் காட்டியபோது உள்ளே பச்சையாக அரைபட்ட புல் நிறைந்திருந்தது. கடலுக்குள்ளும் மேய்ச்சல் நடக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

சாதாளை பாசியன்று, வேரும் தண்டும் பூவும் உள்ள தாவரம் என்று மாஸ்ரர் விளக்கினார். நிலத்துத் தாவரங்களின் வழிவந்து, கடலுக்குத் திரும்பிய குடும்பம் அது. அதில் நாடாவைப்போல நீண்ட இலையுடைய ஓர் இனத்தைப் பிடுங்கி எடுத்தால், தண்டைச் சுற்றிப் பன்றி மயிர்போல் கறுத்த நார்கள் இருக்கும். அதன் ஆண் பூக்கள் அடியிலிருந்து கழன்று நீரின் மேற்பரப்புக்கு மிதந்து வந்து, அங்கே காத்திருக்கும் பெண் பூவைச் சேரும். அந்த இலைகளுக்கிடையே வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கடற்குதிரை நிற்கும். ஆண் குதிரையின் வயிற்றுப் பையில்தான் குஞ்சுகள் வளரும் என்று கேட்டதும் மாணவிகள் சிரித்தது நினைவிருக்கிறது. இறால் குஞ்சும் நீலக்கால் நண்டின் குஞ்சும் ஆளுயரமில்லாத அந்தத் தண்ணீரில்தான் ஒளிந்து பெருத்தன.

என்னை மிகவும் கவர்ந்தது கடலட்டை. வெள்ளை அட்டை பகலின் ஒரு பகுதியை மணலுக்குள் புதைந்தே கழிக்கும். வெளியே வந்தால் ஓயாமல் மணலைத் தின்று, அதிலுள்ள உக்கிய சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்னால் விட்டுச் செல்லும். மூச்சு விடுவதும் அதே பின்வாசலால்தான். துன்புறுத்தினால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டு, பின்னர் புதிதாக வளர்த்துக்கொள்ளும் இனங்களும் உண்டு. எங்கள் ஊரில் அதை எவரும் உண்பதில்லை. கடலில் மூழ்கி எடுக்கும் குளியாளிகள் கொண்டுவருவதைக் குடலெடுத்து அவித்து, மணலில் தாழ்த்து, சுண்ணாம்புபோன்ற மேல்தோலைத் தேய்த்து நீக்கி, மீண்டும் அவித்துக் காயவைத்து, கிழக்காசியச் சந்தைக்கு அனுப்புவார்கள். சங்கும் அப்படியே, எங்கள் கடலில் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துப் பெண்களின் கைகளில் வளையலானது.

கடற்பசுவை நான் உயிருடன் கண்டதில்லை. சாதாளையை வேரோடு மேய்ந்து, புல்வெளியில் வெறுந்தடம் விட்டுச் செல்லும் அந்த விலங்கு மூன்று மீற்றர் வரை வளரும், எழுபது ஆண்டுகள் வரை வாழும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றை மட்டுமே ஈனும். முதியவர் தம் இளமைக் காலத்தில் அதன் இறைச்சியை உண்டதாகச் சொன்னபோது அதில் குற்ற உணர்வும் இல்லை, பெருமையும் இல்லை. இன்று அது இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழ்நாடு அரசு 2022இல் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்ததைப் படித்தபோது, மாஸ்ரர் இருந்திருந்தால் அச்செய்தியைக் கத்தரித்து அறிவித்தற் பலகையில் ஒட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்துத் தொழிலில் எல்லாம் நல்லவையாக இருந்தன என்று நான் சொல்லவரவில்லை. டைனமைற் போட்டு மீன் பிடித்தவர்களும் இருந்தார்கள். ஆமையை மல்லாத்திப் போட்டு விற்றதையும் கண்டிருக்கிறேன். எனினும் களங்கண்டி தானாக வந்த மீனை மட்டுமே மறித்தது; தடிகளை நட்ட இடத்தைத் தவிர அடித்தரையைத் தொடவில்லை. காற்றுக் கடுத்த மாதங்களில் வள்ளம் இறங்காது. கடலுக்கும் அது ஓய்வு. அடித்தரையோடு இழுக்கும் வலையான இழுவைமடிக்கு அந்த ஓய்வும் தெரியாது, அடித்தரையின் மதிப்பும் தெரியாது. பாரமான பலகைகளைக் கட்டி நிலத்தோடு இழுக்கும்போது மீனோடு சாதாளையும் அட்டையும் குஞ்சும் குருமனும் ஒருசேர வருகின்றன. விலைபோகாதவை செத்தபின் கடலுக்கே வீசப்படுகின்றன. இலங்கை நாடாளுமன்றம் 2017இல் இம்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் இந்திய றோலர்கள் என்னும் இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருவதும், எம்மவரின் வலைகள் அறுபடுவதும், கைதுகளும் தொடர்கின்றன. அந்தப் படகுகளில் வருவோரும் கூலிக்குத் தொழில் செய்யும் தமிழர்களே என்பதால் இதைப் பற்றி வெளிநாட்டு மேடைகளில் நாம் தயங்கித் தயங்கிப் பேசுகிறோம். தயக்கம் விளங்குகிறது; ஆனால் தீவகத்துத் தொழிலாளி வலையை இழந்த கணக்கை அது குறைப்பதில்லை.

1990களின் தொடக்கத்தில் தீவகமே ஏறக்குறைய வெறுமையானதும், போர்க்காலத் தடைகளால் கடல் ஆண்டுக்கணக்கில் பூட்டப்பட்டிருந்ததும் அனைவரும் அறிந்தவை. நான் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது கண்ட புதுமை வேறு. ஆழங்குறைந்த கடலில் தடி நட்டு வலையடைத்த அட்டைப் பண்ணைகள், முன்னர் நாங்கள் காலிழுத்து நடந்த இடங்களில் வரிசையாக நின்றன. அவற்றால் வருமானம் பெறும் குடும்பங்களும் உண்டு, சிறு தொழிலாளரின் வழி அடைபட்டது என்று போராடியவர்களும் உண்டு. மணலைத் தின்று சுத்தம் செய்யும் உயிரியை வளர்ப்பது இறால் பண்ணையைவிடக் கேடு குறைந்தது என்பது என் எண்ணம். ஆனால் பொதுக்கடலில் யாருக்கு எவ்வளவு வேலி என்பதைக் கரையிலுள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும், கொழும்பிலிருந்து வரும் அனுமதிப் பத்திரம் தீர்மானிக்கக்கூடாது.

இறுதியாக எமது சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுகூடத் திருத்த நிதியில் கணினித் திரைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைக் கடல்நீர்த் தொட்டிகள் இரண்டுக்கும், காற்றுப் பம்பிக்கும், மாணவர் கரைக்குச் சென்றுவரும் செலவுக்கும் ஒதுக்கலாம். களங்கண்டி போடும் ஒருவருக்கு அன்றைய தொழிலை விட்டு வந்து கற்பிப்பதற்கான கொடுப்பனவையும் அந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எம் காலத்தில் அந்த முதியவருக்கு எவரும் எதுவும் கொடுத்ததில்லை.