காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

2021 ஓகஸ்டில் கொரோனாவின் டெல்டா திரிபு பரவி, இலங்கை முழுக்க தனிமைப்படுத்தல் ஊரடங்கு போட்ட நேரம். எங்கள் வீட்டில் முதலில் படுத்தவர் அப்பா. எழுபதைத் தாண்டியவர், பழைய சலரோகக்காரர். "சும்மா தடிமன் பிள்ளை, ஒண்டுமில்லை" என்று சொல்லி, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

எங்கள் ஒழுங்கையில் அப்போது சோதனைக்குப் போகவே ஆட்கள் பயந்தார்கள். நோயை விட, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையில் அறிவித்தல் ஒட்டிவிடுவார் என்பதுதான் பெரிய பயம். அம்மாவும் அதைத்தான் சொன்னா. சலரோகம் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க முடியாது என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்டிஜன் சோதனை கொஞ்ச நேரத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

வைத்தியர் முதலில் கேட்டது, "காய்ச்சல் எண்டைக்குத் தொடங்கினது?" சோதனை செய்த நாளை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதல் சில நாள் வைரஸ் பெருகும் காலம். நுரையீரலுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் ஒரு கிழமை அளவில்தான் தலைகாட்டும், அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும், வீட்டுக்காரரும் ஆறுதலாகிவிடுவார்கள் என்றார். அம்மாவுக்கு இது உடனே விளங்கியது. டெங்குவிலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தானே பயம் என்றா.

ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிரம்பியிருந்த காலம். மூச்சு சீராக இருந்ததால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு கொப்பியில் காய்ச்சல், சீனி, ஒட்சிசன் அளவு மூன்றையும் எழுதி வந்தேன். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரைச் சும்மா மாட்டி உடனே பார்த்தால் சரிவராது. அப்பாவின் விரல்கள் எப்போதும் குளிர்ந்திருக்கும். தேய்த்துச் சூடாக்கி, கையை ஆடாமல் மடியில் வைத்து, இலக்கம் ஓரிடத்தில் நிற்கும்வரை பார்த்திருக்க வேண்டும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையை விடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அந்த நாட்களில் ஆய்வுகள் வந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் குறைதான்.

இருந்தபடி அளந்தால் மட்டும் போதாது என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே விறாந்தையில் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் கொஞ்ச நேரம் நடக்கவைத்து, திரும்பவும் அளப்பேன். 3 புள்ளி இறங்கினாலே கவனிக்க வேண்டும்.

இதற்கிடையில் கனடாவிலிருந்து பெரியப்பாவின் மகன் வட்சப்பில் ஸ்ரெரொயிட் குளிசை எழுதி அனுப்பினார். அன்பில்தான். வைத்தியர் மறித்துவிட்டார். 2020இல் பிரித்தானியாவில் நடந்த ரிகவரி ஆய்வில், ஒட்சிசன் தேவைப்பட்டவர்களிடையேதான் டெக்சாமெதசோன் என்ற ஸ்ரெரொயிட் மரணத்தைக் குறைத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. சலரோகக்காரருக்குச் சீனியையும் ஏற்றிவிடும். நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

காய்ச்சல் விட்டு, சாப்பாடும் பிடித்து, அப்பா பேப்பர் வாசிக்கத் தொடங்கிய ஒரு பின்னேரம், இருந்தபடி 95 காட்டியது. நடந்து வந்ததும் 90.

"மூச்சு முட்டுதோ அப்பா?"

"இல்லையே. ஏன், முகத்தை ஒரு மாதிரி வைச்சிருக்கிறாய்?"

கொரோனாவில் இதுதான் மோசமான வேலை. ஒட்சிசன் இறங்குவது ஆளுக்கே தெரியாது. 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தேன். அம்மா அழுதுகொண்டே சாரமும் துவாயும் பையில் வைத்தா.

விடுதியில் முகமூடியால் ஒட்சிசன் கொடுத்தார்கள், குப்புறப் படுக்கச் சொன்னார்கள், இரத்தம் கட்டியாகாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். டெக்சாமெதசோனும் அப்போதுதான் தொடங்கியது. சீனி ஏற, இன்சுலினும் சேர்ந்தது. செயற்கைச் சுவாசம் வரை போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் குளிக்கிற தொட்டியடிக்குப் போய்வரக் களைத்தது. அது மாறப் பல மாதமாயிற்று.

2023 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடியபோது அக்காவின் மகனுக்குக் காய்ச்சல். அம்மா கேட்காமலே கலண்டரில் அன்றைய திகதியைச் சுற்றிவிட்டு, பரசிற்றமோல் தவிர வேறு நோக்குளிசை கொடுக்கக் கூடாது என்று அக்காவுக்குச் சொன்னா. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்குப் போனோம்.