அப்பா நேர்ந்துகொண்ட தீர்த்தம்

என் மகன் பிறந்தபோது மஞ்சள் காமாலை முற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பிள்ளை நல்லபடியாக வீடு வந்தால் இராமேஸ்வரம் கூட்டிவந்து 22 தீர்த்தமும் ஆட்டுகிறேன் என்று அப்பா நேர்ந்துகொண்டார். பிள்ளை வந்துவிட்டான். நேர்த்திக்கடன்தான் தள்ளிக்கொண்டே போனது. கொரோனா வந்தது. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். பஸ்ஸில் போகலாம் என்றால் அப்பா கேட்கவே மாட்டார். "புதுப் பாலம் வரட்டும், பேரனோட ரயில்லதான் போவேன்" என்பார்.

திருமங்கலத்தில் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஓடாத எதையும் ஓட வைப்பார். பேரனுக்குக் கடைகளில் விற்கும் நடைவண்டியைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, பழைய பேரிங்குகளை வைத்து ஒன்று செய்தார். அது தெருவையே அதிரவைத்துக்கொண்டு வரும். "எக்ஸ்பிரஸ் வருது, கேட்டைச் சாத்து" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் டாக்டரிடம், "காயில் நல்லாத்தான் இருக்கு சார், கார்பன்தான் தேஞ்சிருச்சு" என்றார். டாக்டர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு அப்புறம் சிரித்தார்.

2025 ஏப்ரலில் ராமநவமியன்று புதுப் பாலம் திறந்தார்கள். பார்க்க அப்பா இல்லை. தலைத் திவசம் முடிந்திருந்ததால், அம்மா "அவர் கடனை நீதான்டா தீர்க்கணும்" என்றாள். மதுரையில் ரயில் ஏறினோம்.

பாம்பனில் ரயில் மெதுவாக ஊர்ந்தது. பக்கத்திலேயே 1914-ல் கட்டிய பழைய பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்குவார்கள். அப்பாவுக்கு அதைச் சொல்லிச் சொல்லி மாளாது. புதியது மோட்டாரில் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகுமாம். பேப்பரில் படித்த அன்றே, "மோட்டாரா? அப்ப ரிப்பேர் ஆனா என்னையத்தான் கூப்பிடணும்" என்றார். அதை அம்மா ரயிலில் எல்லோருக்கும் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அக்னி தீர்த்தக் கரையில் இறங்கிய உடனே தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "வரிசையில நின்னா மத்தியானம் ஆயிரும் சார், தலைக்கு இவ்வளவு குடுங்க, தனியா ஊத்தச் சொல்றேன்." ஒருவர் அம்மாவின் பையையே பிடித்து இழுத்தார். அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட வந்தவனிடம் பேரம் பேசுகிறார்களே என்று வயிறு எரிந்தது. தர்ப்பணம் முடிகிற வரை யாருக்கும் பதில் சொல்லவில்லை. கோயிலுக்குள் வரிசையிலேயே நின்றோம். நல்ல கூட்டம். ஈரக் கல்லில் கால் வழுக்குகிறது. முட்டிவலிக்காரி அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சில இடங்களில் ஒரு வாளித் தண்ணீரை இருபது பேர் மேல் வீசி, "நகரு, நகரு" என்கிறார்கள். மேலே நாலு சொட்டு விழுந்தால் பாக்கியம்.

நள தீர்த்தத்துக்கு வந்தோம். சேது கட்டிய நளன் பேரில் உள்ள கிணறு. கைவேலைக்காரனுக்கும் சாமி ஒரு தீர்த்தம் வைத்திருக்கிறார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். கிணற்று மேட்டில் நின்றவர் எங்கள் மேல் ஊற்றிவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டார். மகன் நகரவில்லை. அண்ணாந்து பார்த்து, "அண்ணே, எங்க தாத்தாவுக்கு ஒரு வாளி ஊத்துங்க" என்றான்.

"தாத்தா எங்கடா?"

"சாமிகிட்ட இருக்காரு."

பின்னால் நின்றவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை மறுபடி இறக்கினார். வாளி நிறைகிற சத்தம் வரும் வரை காத்திருந்து, நிதானமாக இழுத்தார். "பேரன் தலையில ஊத்தினா தாத்தாவுக்குப் போய்ச் சேரும். குனிடா" என்று முழு வாளியையும் அவன் தலையில் விட்டார். பிள்ளை மூச்சு முட்டிச் சிரித்தான். அப்படியே அப்பா சிரிப்பு. அம்மாவும் நானும் அங்கேயே கை கூப்பிவிட்டோம். அந்த மனிதர் யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

கோடி தீர்த்தம் முடித்து, உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு சன்னதிக்குப் போனோம். அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதருக்குத்தான் இங்கே முதல் பூஜை. "லேட்டா வந்த ஆளுக்கு முதல் பந்தி, நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி" என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்து இராமநாதர். சீதாப்பிராட்டி மணலைக் கையால் பிடித்துச் செய்த லிங்கம். "சாமியையே கையால செஞ்ச ஊருடா" என்பாரே! தீபாராதனையில் அந்தச் சின்னத் திருமேனி தெரிந்தது. கேட்பதற்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாய். அவனுக்கு நடைவண்டி செய்ய இப்படி ஒரு தாத்தாவைக் கொடுத்தாய். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எங்களையும் வரவழைத்தாய். இராமநாதா, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்! பின்னாலிருந்து தள்ளினார்கள். தள்ளட்டும், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

பர்வதவர்த்தினி அம்மனையும் கண்குளிரச் சேவித்தோம். ஒவ்வொரு தை அமாவாசைக்கும் வரவேண்டும் என்று அம்மா அங்கேயே வேண்டிக்கொண்டாள். அன்றைக்குக் கூட்டம் தாங்காது என்றேன். "இருக்கட்டும், உங்கப்பாவுக்குக் கூட்டம்னா உசிரு" என்றாள். சரி, வருவோம்.