சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,350 கி.மீ., நேரம் ஏன் பதினெட்டரை மணி?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும் என்பது பஸ்ஸுக்கே சரிவராத கணக்கு. விமானத்தில் அது எங்கே இடறுகிறது என்று பார்க்க சிங்கப்பூரின் சாங்கி – நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத் தடத்தை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் தொடங்கியபோது உலகின் மிக நீளமான நேரடிச் சேவை இது.

இந்தத் தூரத்தைக் கையாலேயே போட்டுவிடலாம். இரு ஊர்களின் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை, அதாவது உருண்டையின் எதிரெதிர்ப் பக்கம். ஆகவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகும். சாங்கி இருப்பது 1.35 பாகை வடக்கில். அங்கிருந்து துருவம் வரை 88.65 பாகை. நியூயார்க் 40.64 பாகை வடக்கு; துருவத்திலிருந்து கீழே வர 49.36. மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. என்றால் 15,346. இணையக் கணிப்பான்கள் காட்டுவதும் ஏறக்குறைய இதையேதான். மற்ற ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, முழுச் சூத்திரம் வேண்டும். அலகிலும் ஒரு கண் இருக்கட்டும்: இதே தூரம் சுமார் 8,290 நாட்டிகல் மைல் (கடல் மைல்). அதைச் சாதாரண மைல் என்று நினைத்து மாற்றினால் இரண்டாயிரம் கிலோமீட்டர் காணாமல் போகும்.

மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம். ஆனால் அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல் இருக்கும். முதல் காரணம், அந்த நேரம் கேட்டிலிருந்து கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி. இரண்டாவது, பெரிய காரணம் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் உயர்வானக் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே வீசும், வலுத்தால் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதைப் பின்காற்றாகப் பிடிக்க, போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழி. திரும்பும்போது பல நாட்கள் அட்லான்டிக் கடந்து ஐரோப்பா வழி. இரண்டுமே கிழக்கு நோக்கித்தான்! ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் அதுவே லாபம். அதனால் வரைபடத்தில் காட்டும் வளைகோட்டை அப்படியே நம்ப வேண்டாம்.

வான்வெளி மூடினாலும் கணக்கு கவிழும். 2022-இல் ரஷ்யா வான்வெளியை மூடியதும் ஒன்பது மணி நேர ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் பதின்மூன்றை எட்டியது.

இந்தத் தடத்துக்கான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கானது) ரகத்தில் 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைசியாக, அதிகம் பேர் சறுக்கும் இடம்: டிக்கெட்டில் உள்ள நேரங்கள் உள்ளூர் நேரங்கள். நியூயார்க்கின் கோடையில் இரு ஊர்களுக்கும் 12 மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கோடையில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12-க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், நியூயார்க்கில் அதே தேதி காலை 6.40. ஆறு மணி 40 நிமிடப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது திங்கள் இரவு 10-க்கு ஏறினால் இறங்குவது புதன் அதிகாலை 4.40. செவ்வாய் இரவுக்கு சிங்கப்பூரில் அறை போட்டால் காசு தண்டம் என்று நினைக்காதீர்கள்: விடியற்காலை இறங்கியதும் படுக்க வேண்டுமென்றால் அந்த இரவுக்குத்தான் அறை போட்டிருக்க வேண்டும். தாமதமாக வருவதை மட்டும் விடுதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வரவில்லை என்று ரத்து செய்துவிடுவார்கள்.